அருவிக்குப் பூட்டுப் போட முடியுமா?

ஆசிரியர் நண்பர்களுக்கும் பெற்றோர்களுக்கும் சேர்த்தே இதனை எழுதுகிறேன். சிலருக்குக் கசக்கும். கசந்தாலும் முழுவதும் படித்துவிட்டுப் பிறகு திட்டுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

ஒவ்வோர் ஆண்டும் பள்ளிச் சுற்றுலாவை முடிவுசெய்யப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் கூடுகிறது. யாரேனும் ஓர் ஆசிரியர் தயங்கித் தயங்கி, "இம்முறை பிள்ளைகளை ஓர் அருவிக்கு அழைத்துச் செல்லலாமே" என்பார். உடனே நாலைந்து குரல்கள் எழும். "தண்ணீர் ஐயா, தண்ணீர்! ஏதாவது ஆனால் யார் பொறுப்பு?" அத்துடன் அந்தப் பேச்சு அடங்கிவிடும். அடுத்த நிமிடமே நீர்க்கேளிக்கைப் பூங்கா ஒன்றின் பெயர் முன்மொழியப்படும், வழிமொழியப்படும், கைதட்டலோடு நிறைவேறும். அங்கே இருப்பதும் தண்ணீர்தான் என்பது அப்பொழுது யாருக்கும் நினைவில் வருவதில்லை! பேருந்து, நுழைவுச்சீட்டு, மதிய உணவு என்று ஒரு பிள்ளைக்கு ஏறத்தாழ நூறு வெள்ளி ஆகும். அந்த நூறு வெள்ளி இல்லாத காரணத்தால், "காய்ச்சல்" என்று சொல்லி வீட்டில் தங்கிவிடும் பிள்ளைகளை வகுப்பாசிரியர்கள் நன்கு அறிவார்கள். அது தனிக் கதை. இன்னொரு நாள் எழுதுகிறேன்.

இன்று நான் எழுத வந்தது அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான். "யார் பொறுப்பு?" என்று கேட்டு அருவியைப் பள்ளியின் வாசலுக்கு வெளியே நிறுத்திவிடுகிறோமே, அந்த முடிவு யாரைக் காப்பாற்றுகிறது? பள்ளியைக் காப்பாற்றுகிறது, தலைமையாசிரியரையும் சங்கத் தலைவரையும் காப்பாற்றுகிறது. பிள்ளையை அது காப்பாற்றவில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

ஏனெனில், பள்ளி அழைத்துச் செல்லாவிட்டாலும் பிள்ளைகள் அருவிக்குப் போகத்தான் போகிறார்கள். தீபாவளிக்கு மறுநாள் தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில் சென்று பாருங்கள். லாத்தா இஸ்கண்டார் அருவிக்கு முன்னும் பின்னும் மகிழுந்துகள் வரிசை கட்டி நிற்கும். பாட்டி முதல் கைக்குழந்தை வரை குடும்பம் குடும்பமாக இறங்குவார்கள். விடுமுறை முடிந்து என் நான்காம் ஆண்டு வகுப்பில், "அருவிக்குப் போனவர்கள் யார்?" என்று கேட்டேன். பாதிக்கு மேற்பட்ட கைகள் உயர்ந்தன. "நீந்தத் தெரிந்தவர்கள் யார்?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டேன். மூன்று கைகள். அவற்றுள் ஒன்று பாதியில் இறங்கிவிட்டது.

தீபாவளி விடுமுறையைக் குறிப்பிட்டுச் சொல்லக் காரணம் உண்டு. தீபாவளி அக்டோபரிலோ நவம்பரிலோ வருகிறது. தீபகற்ப மலேசியாவின் மேற்குக் கரையில் மழை மிகுந்து பெய்யும் மாதங்களும் அவையே. பருவக்காற்று மாறும் அந்தக் காலத்தில் காலையில் வெயில் பளிச்சென்று அடிக்கும். நண்பகலுக்குப் பின் மலைமேல் முகில் திரண்டு, பிற்பகலில் இடியும் மழையுமாகக் கொட்டும். நம் மக்களோ சமைத்து, கட்டி, பிள்ளைகளை எழுப்பி, புறப்பட்டு, அருவியைச் சென்றடைய மணி பதினொன்று ஆகிவிடும். சாப்பிட்டு முடித்து நீரில் இறங்கி ஆட்டம் களைகட்டும் நேரமும் மலையுச்சியில் மழை தொடங்கும் நேரமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. இந்த எளிய கணக்கை நாம் எந்த வகுப்பிலாவது சொல்லிக் கொடுத்திருக்கிறோமா?

நான் வாழும் பேராக் மாநிலத்தின் பத்தாங் பாடாங் மாவட்டம் அருவிகளுக்குப் பெயர் பெற்றது. தாப்பா வட்டாரத்தில் லாத்தா இஸ்கண்டார் சாலையோரத்திலேயே பாறைப் படிகளில் இறங்குகிறது. செண்டேரியாங் பக்கத்து லாத்தா கிஞ்சாங், வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் செல்வோர் கண்ணுக்கே மலைச்சரிவில் வெள்ளைக் கோடாகத் தெரியும். கோலா வோவில் ஆறும் இருக்கிறது, வெந்நீர் ஊற்றும் இருக்கிறது. வழியெங்கும் செமாய் இனப் பூர்வக்குடி மக்கள் பெத்தாய்க் காயையும் மூங்கில் குருத்தையும் சாலையோரக் கடைகளில் வைத்து விற்கிறார்கள். இவ்வளவையும் சன்னலுக்கு வெளியே விட்டுவிட்டு, இரண்டு மணி நேரம் பேருந்தில் குளிர்சாதனக் காற்று வாங்கி, சிமெண்டில் செய்த பாறையிலிருந்து குழாய்நீர் விழுவதைக் காட்டிவிட்டு வருகிறோம்!

பெயர்களையே எடுத்துக்கொள்வோம். மலாய்மொழியில் பாறைப் படிகளில் வழிந்து இறங்கும் அருவிக்கு 'லாத்தா' என்று பெயர். பாறைகளுக்கிடையே விரைந்து பாயும் ஓடுபகுதி 'ஜெராம்'. ஆற்றின் ஆழமான குழி 'லூபோக்'. ஆற்றின் தலைப்பகுதி 'உலு'; ஓர் ஆறு இன்னோர் ஆற்றிலோ கடலிலோ கலக்கும் இடம் 'கோலா'. ஆக, இந்நாட்டு ஊர்ப்பெயர்களில் பாதி ஆற்றைப் படிக்கக் கற்றுத்தரும் பாடங்களாகவே இருக்கின்றன. லூபோக் என்று பெயர் தாங்கிய இடத்தில் பிள்ளையைக் குதிக்க விடும் தந்தைக்கு அந்தப் பெயர்ப்பலகை ஏற்கனவே எச்சரிக்கை செய்துவிட்டது. அவருக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

தமிழில் மட்டும் குறைவா என்ன? அருவி, சுனை, ஊற்று, கயம், மடு, சுழி, துறை, காட்டாறு... ஒவ்வொன்றும் வெவ்வேறு நீர். ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு குணம். கயமும் மடுவும் ஆழத்தைச் சொல்லும். சுழி இழுப்பைச் சொல்லும். மனிதர் இறங்கக்கூடிய இடத்துக்குத்தான் துறை என்று பெயர். ஆற்றில் எல்லா இடமும் துறை ஆகாது. காட்டில் பெய்த மழை திடுமெனப் பெருகி வருவதுதான் காட்டாறு. தண்ணீரோடு பழகிய ஒரு மக்கட்கூட்டம் பிள்ளைகளை எச்சரிக்கச் சேர்த்துவைத்த சொற்கள் இவை. நாமோ 'அருவி' என்ற அழகிய பழஞ்சொல்லையே ஓரங்கட்டிவிட்டு, ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்த 'நீர்வீழ்ச்சி'யை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டுகிறோம். 'மடு' என்றால் என்ன என்று ஆறாம் ஆண்டில் கேட்டுப் பாருங்கள். மாட்டின் மடியைச் சொல்லும் பிள்ளைகூட இப்பொழுது அரிது.

அடுத்து, 'நான் கண்ட நீர்வீழ்ச்சி' என்னும் கட்டுரை! தமிழ்ப்பள்ளியில் பயின்ற எவருக்கும் இந்தக் கட்டுரை மறந்திருக்காது. வெள்ளியை உருக்கி ஊற்றினாற்போல் நீர் விழும், பறவைகள் இன்னிசை பாடும், தென்றல் தாலாட்டும், மனம் துள்ளிக் குதிக்கும், மாலையில் பிரிய மனமின்றி வீடு திரும்புவார்கள். அருவியையே காணாத பிள்ளையும் எழுதும், கண்ட பிள்ளையும் அதையே எழுதும். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் அகற்றப்பட்டது. இந்தக் கட்டுரையை மட்டும் எவராலும் அகற்ற முடியவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் திருத்திவருகிறேன். ஒரு கட்டுரையில்கூடப் பாறை வழுக்கியதில்லை, நீர் கலங்கியதில்லை, பிள்ளைக்குக் குளிரில் பல் நடுங்கியதில்லை. அருவியின் ஒலி எத்தகையது என்று எழுதிய பிள்ளையும் இல்லை, 'சலசல' என்பதைத் தவிர. சலசலப்பது ஓடை ஐயா! அருவி அருகில் நின்றால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. காணாததைக் கண்டதாக எழுதுவதற்குப் பயிற்சி கொடுத்து, அதற்கு நாமே புள்ளியும் இடுகிறோம்.

இனி ஆபத்துக்கு வருகிறேன். ஆபத்து இல்லை என்று நான் சொல்லவே இல்லை. இருக்கிறது, நீங்கள் நினைப்பதைவிட மிகுதியாகவே இருக்கிறது. அதனால்தான் கற்பிக்க வேண்டும் என்கிறேன்.

மலாயில் 'கெப்பாலா ஆயேர்' என்று ஒன்றைச் சொல்வார்கள். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'தலைநீர்'. நாம் நிற்கும் இடத்தில் வெயில் காயும். மலைமேல் நமக்குத் தெரியாத இடத்தில் பெருமழை பெய்யும். செங்குத்தான சரிவுகளில் விழுந்த மழை மண்ணில் ஊறுவதற்கு நேரமின்றி ஒரே ஓடையில் வந்து சேரும். சில வேளைகளில் சாய்ந்த மரங்களும் கிளைகளும் ஆற்றின் குறுக்கே அடைத்துக்கொண்டு அணைபோல் நீரைத் தேக்கும். பிறகு அவ்வடைப்பு உடையும். அப்பொழுது வருவது வெறும் தண்ணீர் அன்று. சேறு, கல், மரம் அனைத்தும் சேர்ந்து வரும். கணுக்கால் அளவு ஓடிய நீர் சில நிமிடங்களில் தலைக்குமேல் போய்விடும்.

1996 ஆகஸ்டு 29-ஆம் நாள் கம்பாருக்கு அருகிலுள்ள போஸ் டிப்பாங்கில் அப்படித்தான் மண்ணும் மரமும் கலந்த வெள்ளம் பூர்வக்குடிக் குடியிருப்பின்மீது பாய்ந்து 44 உயிர்களைக் கொண்டுபோனது. 2021 ஆகஸ்டு 18-இல் கெடாவின் குனோங் ஜெராய் அடிவாரத்தில், யான் வட்டாரத்தில் அறுவர் மாண்டனர். 2022 சூலை 4-இல் பாலிங்கில் குனோங் இனாஸ் பக்கமிருந்து வந்த வெள்ளத்தில் மூவர் இறந்தனர். மலைமேல் காட்டை வெட்டித் துரியான் தோட்டம் போட்டதைப் பற்றி அப்பொழுது பெரிய விவாதமே நடந்தது. ஆகஸ்டு, சூலை என்று மாதங்களைக் கவனியுங்கள். அக்டோபர், நவம்பரைத் தாண்டிவிட்டால் அச்சமில்லை என்று எவரும் கருதவேண்டா.

இந்தத் தலைநீர் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் வருகிறது. தெளிந்த நீர் தேநீர் நிறத்துக்கு மாறும். இலையும் சுள்ளியும் நுரையும் வழக்கத்துக்கு மாறாக மிதந்து வரும். சற்றுமுன் வெளியே தெரிந்த கல் இப்பொழுது மூழ்கியிருக்கும். மேலே எங்கோ அடைத்துக்கொண்டால் நீர் திடீரெனக் குறைவதும் உண்டு. அதுவும் நல்ல அறிகுறி அன்று. எல்லாவற்றையும்விட, ஆற்றின் ஒலி மாறும். மேலிருந்து ஓர் உறுமல் கேட்கும். ஏழு வயதுப் பிள்ளைக்கு இதைக் கற்பிக்க அரைமணி நேரம் போதும். "நிறம் மாறினால், குப்பை வந்தால், ஒலி மாறினால் மேட்டுக்கு ஓடு, செருப்பை எடுக்கத் திரும்பாதே." இதைக்கூடச் சொல்லித் தராமல், அறிவியல் பாடத்தில் நீரின் சுழற்சியை அம்புக்குறி போட்டு வரைய வைத்துக்கொண்டிருக்கிறோம். ஆவியாகி, முகிலாகி, மழையாகி... அந்த மழை எங்கே இறங்குகிறது என்பதை மட்டும் பிள்ளை தன் கண்ணால் பார்க்கக்கூடாதாம்!

ஆனால், பெற்றோர்களே, உறுமலைக் கேட்க வேண்டுமென்றால் காது சும்மா இருக்க வேண்டும் அல்லவா? அருவிக்கரையில் மகிழுந்தின் கதவுகளைத் திறந்துவைத்து, மலையே அதிரும்படி பாட்டுப் போடுகிறார்களே, அவர்கள் யார்? வேற்றுக்கோளிலிருந்து வந்தவர்களா? நம் மாமன், மச்சான், அண்ணன், தம்பிகள்தாம். போத்தல்களைப் பாறையில் உடைப்பவர்களும் அவர்கள்தாம். நான் குடியைப் பற்றி இங்கே ஒழுக்கவுரை ஆற்றப் போவதில்லை. குடித்தவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஆகமாட்டார் என்பதை மட்டும் சொல்கிறேன். பத்துப் பெரியவர்கள் கரையில் இருந்தும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருவர்கூட இல்லை என்பது நம் நாளிதழ்களில் திரும்பத் திரும்ப வரும் செய்தி. 'எல்லாரும் இருக்கிறார்களே' என்று எல்லாரும் நினைத்துவிடுகிறார்கள்.

விழும் நீருக்கு நேர்க்கீழே போய் நிற்பது இன்னொரு வீரம். அருவி விழுமிடத்தில் நீர் பாறையைக் குடைந்து ஆழமாக்கி வைத்திருக்கும். மேலே வெண்ணுரையாக இருப்பதால் அடி தெரியாது. நுரைத்த நீரில் காற்று கலந்திருப்பதால் அது ஆளைத் தாங்கிப் பிடிக்காது. நன்றாக நீந்துபவனும் அதில் அமிழ்வான். விழுந்த நீர் அடியில் மோதி மேலெழுந்து திரும்ப விழுமிடத்தை நோக்கியே இழுக்கும். இதைத்தான் நம் முன்னோர் சுழி என்றனர். நீச்சல் குளத்தில் பதக்கம் வாங்கிய பிள்ளைக்கும் இது தெரியாது. தனியே சொல்லித்தான் தரவேண்டும்.

குப்பையைப் பற்றியும் சொல்லாமல் விடமுடியாது. 'சுற்றுப்புறத் தூய்மை' என்று சுவரொட்டி வரையும் போட்டியில் பரிசு வாங்கும் பிள்ளையின் குடும்பமே நாசி லெமாக் பொட்டலத்தையும் கோழி எலும்பையும் பாறை இடுக்கில் செருகிவிட்டுப் போகிறது. அழகு கெடுகிறது என்பதோடு இது முடிவதில்லை. சோறும் எலும்பும் இருக்குமிடத்துக்கு எலி வரும். எலியின் சிறுநீர் நீரிலும் ஈரமண்ணிலும் கலக்கும். காலில் உள்ள சிறு கீறல் வழியாகக் கிருமி உடம்பில் புகும். 'கென்சிங் திக்குஸ்' என்று இந்நாட்டில் எல்லாரும் அறிந்த எலிக்காய்ச்சல் அதுதான். 2010-இல் பகாங், மாரான் பகுதியின் லூபோக் யூ அருவியில் நீரில் மூழ்கிய ஒருவரைத் தேடச் சென்றவர்களையே இந்நோயும் மண்ணிலிருந்து பரவும் இன்னொரு கிருமிநோயும் தாக்கின. தேடப் போனவர்களிலும் உயிரிழந்தவர்கள் உண்டு. அதே 2010-இல்தான் எலிக்காய்ச்சல், மருத்துவர்கள் அரசுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. நாம் செருகிவிட்டு வந்த கோழி எலும்பு அடுத்த வாரம் இன்னொருவர் பிள்ளையை மருத்துவமனையில் படுக்க வைக்கலாம். இதையும் மேசையில் உட்கார்ந்து சொன்னால் ஏறாது. அந்தப் பாறை இடுக்கைக் காட்டிச் சொல்ல வேண்டும்.

"ஆசிரியரே, 2009-ஐ மறந்துவிட்டீர்களா?" என்று சென்ற கூட்டத்தில் ஒரு தந்தையார் கேட்டார். மறக்கவில்லை ஐயா. 2009 அக்டோபர் 26-ஆம் நாள் கோலா டிப்பாங்கில், பள்ளி முகாமின்போது புதிதாகக் கட்டிய தொங்குபாலம் அறுந்து மூன்று மாணவிகள் கம்பார் ஆற்றில் விழுந்து மாண்டனர். மூவரும் நம் இனப் பிள்ளைகள். அந்தச் செய்தி வந்த நாளில் அழாத தமிழாசிரியர் பேராக்கில் இருந்திருக்க மாட்டார். அந்தப் பெற்றோர்களின் துயரத்தை என் வாதத்துக்கு ஆயுதமாக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால், நீங்கள் கேட்டதால் விடை சொல்ல வேண்டியிருக்கிறது. அன்று முதலில் தோற்றது மனிதர் கட்டிய பாலம். அந்நிகழ்விலிருந்து நாம் கற்றிருக்க வேண்டியது, கட்டுமானத்தைச் சோதிக்காமல் பிள்ளைகளை ஏற்றக்கூடாது, ஆற்றங்கரை முகாமில் மிதவைச் சட்டையும் மீட்பாளரும் இல்லாமல் இருக்கக்கூடாது என்பவற்றை. நாம் கற்றுக்கொண்டதோ, "ஆற்றுப் பக்கமே போகாதே" என்பதை. அதற்குப் பிறகு ஆற்றில் மூழ்கும் பிள்ளைகளின் செய்தி நின்றுவிட்டதா? பள்ளிச் சீருடையில் மூழ்குவதற்குப் பதிலாக விடுமுறைச் சட்டையில் மூழ்குகிறார்கள். அது பள்ளிக் கணக்கில் வராது, அவ்வளவுதான்.

ஜப்பானியர் செய்ததைப் பாருங்கள். 1955-இல் 'ஷியுன் மாரு' என்னும் பயணக் கப்பல் மோதி மூழ்கியதில் 168 பேர் இறந்தனர். அவர்களில் நூறு பேர் பள்ளிச் சுற்றுலா சென்ற மாணவர்கள். சுற்றுலாவே வேண்டா என்று அந்நாடு முடிவெடுத்திருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. பள்ளிகளில் நீச்சல் கற்பிப்பது நாடெங்கும் பரவியது. பள்ளிக்குப் பள்ளி குளங்கள் எழுந்தன. அந்தக் கடல்வழியின் மேல் 1988-இல் பாலமும் திறந்தார்கள். நம் அண்டை நாடான சிங்கப்பூரில் 2010 முதல் ஆரம்பப்பள்ளிகளில் 'சுவிம்சேஃபர்' என்னும் நீச்சல், நீர்ப் பாதுகாப்புத் திட்டம் நடைபெறுகிறது. இத்தனைக்கும் சிங்கப்பூரில் இயற்கையான மலையருவி என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை! மலைதோறும் அருவி இருக்கும் நாட்டில், ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில், நீச்சல் குளம் உள்ள பள்ளிகளை எண்ணத் தொடங்கினால் கைவிரல்கள் மிஞ்சும் என்றே அஞ்சுகிறேன்.

தோட்டத்தில் வளர்ந்த என் தலைமுறையினருக்கு இதெல்லாம் வகுப்பில் சொல்லித்தர வேண்டிய தேவை இருக்கவில்லை. தோட்டத்து ஓடையில் குளித்தோம், தூண்டில் போட்டோம். எந்தக் கல்லில் பாசி, எந்த வளைவில் ஆழம் என்று அண்ணன்மார் காட்டித் தந்தார்கள். பால்மரத் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, அடுக்குமாடிகளுக்கு நாம் குடிபெயர்ந்தபொழுது ஓடை கூடவே வரவில்லை, அண்ணன்மாரும் வரவில்லை. அருவிக்குப் போகும் ஆசை மட்டும் கூடவே வந்துவிட்டது. இடையில் அறுந்த அந்த அறிவைப் பள்ளி கொடுக்காவிட்டால் வேறு எவர் கொடுப்பார்?

அந்தக் காலத்தில் எல்லாரும் நலமாகவே வீடு திரும்பினார்கள் என்று கதை விடவும் மாட்டேன். தோட்டத்து ஆறுகளும் உயிர்களை வாங்கியிருக்கின்றன. போஸ் டிப்பாங் மக்களைவிட ஆற்றை அறிந்தவர்கள் எவர்? அவர்களையும் அது விட்டுவைக்கவில்லை. அறிவு இருந்தால் ஆபத்து ஒழிந்துவிடும் என்பதன்று என் கட்சி. மலையுச்சியில் காடு நிற்கிறதா, வழிக்கப்பட்டுவிட்டதா என்று அண்ணாந்து பார்க்கவும் பிள்ளைக்குக் கற்பிக்க வேண்டும் என்கிறேன். அருவியைப் பார்த்த பிள்ளைதான் நாளை, "அந்த மலையில் என்ன வெட்டுகிறீர்கள்?" என்று கேட்கும்.

"சரி, அழைத்துப் போவதென்றால் எப்படி?" என்று கேட்பவர்களுக்கு என் விடை இது. கல்வி இலாகாவின் ஒப்புதலும் பெற்றோரின் கையொப்பமும் இல்லாமல் ஓரடி எடுத்து வைக்கக்கூடாது. மழைக்காலத்தில் நீர்நிலை நடவடிக்கைகளை நிறுத்துமாறு மேலிடத்திலிருந்து அறிவுறுத்தல் வந்தால் அதற்கு மறுபேச்சே இல்லை. நான் சொல்லும் பயணத்தில் குளியலே கிடையாது. பிள்ளைகள் கரையில் நின்று பார்க்கிறார்கள், கேட்கிறார்கள், எழுதுகிறார்கள். குளிக்காத அருவிப் பயணமா என்று சிரிக்காதீர்கள். விலங்குக்காட்சிச் சாலைக்குப் போனால் புலியின்மேல் ஏறியா உட்காருகிறோம்? காலை எட்டு மணிக்கு அங்கே இருந்து பதினொன்றுக்கெல்லாம் பேருந்தில் ஏறிவிட வேண்டும். முந்தைய நாள் மழை பெய்திருந்தாலோ, மலைமேல் முகில் கறுத்திருந்தாலோ பயணம் இல்லை. பணம் கட்டியாயிற்றே என்ற பேச்சுக்கும் இடமில்லை. ஓர் ஆசிரியர் சீழ்க்கையோடு மேற்பகுதியில் நின்று ஆற்றை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு வேறு பணி கிடையாது, படம் எடுப்பதும் கிடையாது. சாலையோரக் கடை வைத்திருக்கும் செமாய்ப் பெரியவர் ஒருவரை மரியாதையோடு அணுகி, இந்த ஆறு எப்பொழுதெல்லாம் பெருகும் என்று பிள்ளைகளே மலாயில் கேட்கட்டும். மலாய்ப் பாடமும் ஆயிற்று.

"பிள்ளைகள் ஏமாந்து போவார்களே, குளிக்கவில்லை என்றால்" என்று ஓர் ஆசிரியை கேட்டார். போவார்கள், டீச்சர். இரண்டு பேர் அழவும் செய்வார்கள். அழட்டும்.

இவையனைத்தையும் ஒரு தாளில் எழுதி அணியமாக வைத்திருக்கிறேன். அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் முன்மொழியப் போகிறேன். இடம் லாத்தா இஸ்கண்டார், சாலையோரக் கரை. நான்காம், ஐந்தாம் ஆண்டு மாணவர்கள். பேருந்துக் கட்டணம் மட்டும். பிள்ளையோடு பெற்றோரில் ஒருவராவது வரவேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்த்திருக்கிறேன். அந்தப் பாடத்தில் பாதி அவர்களுக்குத்தான். திரும்பி வந்தபின் கட்டுரை உண்டு. தலைப்பு பழையதுதான். வெள்ளியை உருக்கி ஊற்றியவர்களுக்குப் புள்ளி கிடையாது.